எந்தக் கட்டையில் பாடுகிறீர்கள்?

நம் நாட்டுப் பேச்சு வழக்கில் 'கேப்போ' என்றால், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். நான் சொல்ல வந்தது அந்தக் கேப்போவை அல்ல. கித்தாரின் கழுத்தில் மாட்டும் கவ்வியை. கித்தார்க் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளைப் பிரெட் என்கிறோம். கேப்போ ஏதாவது ஒரு பிரெட்டை ஒட்டி ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஒரு பிரெட் ஏறினால் சுருதி அரைச் சுரம் ஏறும். விரல்கள் பழகிய கோர்டு வடிவங்களையே பிடிக்கலாம். சுருதி மட்டும் மாறும்.

இந்தச் சின்னப் பொருளுக்காக வாசிப்பவர்களிடையே நடக்கும் வாக்குவாதம் கொஞ்சநஞ்சமல்ல. சிலருக்கு ஸ்பிரிங் வைத்த கேப்போதான் பிடிக்கும். ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையில் ஒரே கையால் நொடியில் மாற்றிவிடலாம். வேண்டாதபோது கித்தாரின் தலைப்பகுதியைக் கவ்வ வைத்துவிடலாம். அதன் கைப்பிடி மேலே, தடித்த தந்தியின் பக்கம் இருக்க வேண்டும் என்பார் ஒருவர். கட்டைவிரலில் இடிக்கிறது, கீழ்ப்பக்கமாகத் திருப்பி மாட்டு என்பார் இன்னொருவர். பிரெட்டை ஒட்டியே மாட்ட வேண்டும் என்பவரும் உண்டு. சற்றுத் தள்ளி மாட்டினால்தான் விரல்களுக்கு இடம் கிடைக்கும் என்பவரும் உண்டு.

என் விருப்பம் திருகாணி வைத்த கேப்போ. காரணம் எளிது. தந்தியை அளவுக்கு மீறி அழுத்தினால் அது இழுபட்டுச் சுருதி சற்றே ஏறிவிடும். திருகாணியில் அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பிரெட்டுக்கு மிக அருகில், அதன் மேலே ஏறாமல் மாட்டினால் குறைந்த அழுத்தமே போதும். தள்ளிப்போனால் தந்தி 'ஜிர்' என்று அதிரும். பிரெட்டின் மேலேயே உட்கார்ந்தால் ஒலி அமுங்கிவிடும். நைலான் தந்திக் கித்தாரின் கழுத்துப் பலகை பெரும்பாலும் தட்டையானது; எஃகுத் தந்திக் கித்தாரில் அது லேசாக வளைந்திருக்கும். ஒன்றுக்கு வாங்கிய கேப்போ மற்றொன்றுக்குச் சரியாகப் பொருந்தாமல் போகலாம். எதை எப்படி மாட்டினாலும், மாட்டிய பிறகு ஒருமுறை சுருதி பார்த்துவிட வேண்டும். மற்றபடி இவையெல்லாம் வாசிப்பவரின் விரலையும் பழக்கத்தையும் பொறுத்தவை. இதில் யாரும் யாருக்கும் சட்டம் போட வேண்டியதில்லை.

ஆனால், எத்தனையாவது பிரெட்டில் மாட்டுவது என்பது வேறு கேள்வி. அதையும் வாசிப்பவரின் சொந்த விருப்பமாக நாம் நினைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியது பாடுபவரின் குரல்.

நம் கலைநிகழ்ச்சிகளில் நடப்பது என்ன? ஆண் பாடகர் ஒருவர் பாடிய திரைப்பாடலைப் பாட ஒரு மாணவி முன்வருகிறார். கித்தார் வாசிப்பவர் தனக்குத் தெரிந்த கோர்டுகளை அப்படியே வாசிக்கிறார். பல்லவி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. மேல் ஸ்தாயியில் எடுத்தால் சரணத்தில் தொண்டை கிழிகிறது. "வாய்ஸ் பத்தல, வேற பாட்டு எடு" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. அவருக்குக் குரல் இருக்கிறது, சுருதிதான் அவருடையதல்ல. இப்படி ஒதுக்கப்பட்டவர் அடுத்த ஆண்டு ஒத்திகைப் பக்கமே வருவதில்லை. பிறகு, மேடையில் பாட ஆளில்லை என்று நாமே குறைப்பட்டுக்கொள்கிறோம்!

நம் இசை மரபு இதற்கு நேர்மாறானது. பக்கவாத்தியக்காரர் முதலில் கேட்பது "என்ன கட்டை?" என்றுதான். ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணும் வழக்கு இது. 'சி' ஒரு கட்டை, 'டி' இரண்டு, 'ஈ' மூன்று, 'எஃப்' நான்கு, 'ஜி' ஐந்து. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று இடையில் வரும். கர்நாடக இசையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டை அளவிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டை அளவிலும் பாடுவார்கள். அதற்கேற்ப மிருதங்கக் கலைஞர் தாழ்ந்த சுருதிக்கு ஒன்று, உயர்ந்த சுருதிக்கு ஒன்று என்று வாத்தியத்தையே மாற்றி எடுத்து வருகிறார். புல்லாங்குழல் கலைஞரின் பையில் கட்டைக்கு ஒரு குழல் இருக்கும். கித்தார் வாசிப்பவருக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. ஒரு கேப்போ போதும்.

'சி' வடிவத்தில் வாசிக்கும் பாடலை ஒருவர் இரண்டரைக் கட்டையில் பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேப்போவை மூன்றாவது பிரெட்டில் மாட்டலாம். 'டி' வடிவங்களுக்கு மாறி முதல் பிரெட்டிலும் மாட்டலாம். சுருதி ஒன்றுதான், ஒலியின் நிறம் வேறு. கேப்போ சுருதியை ஏற்றத்தான் செய்யும், இறக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால், 'சி'யில் உள்ள பாடல் மூன்று அரைச் சுரம் இறங்க வேண்டுமானால், 'ஜி' வடிவங்களுக்கு மாறி இரண்டாவது பிரெட்டில் மாட்டினால் 'ஏ' கிடைத்துவிடும்.

கேப்போ போடுவது கத்துக்குட்டிகளின் வேலை என்று ஏளனம் செய்வோரும் உண்டு. சுட்டுவிரலைப் படுக்க வைத்துப் பிடிக்கும் கோர்டுகள் வராதவர்கள்தான் அதைத் தேடுவார்களாம். அந்தக் கோர்டுகளைக் கற்றே ஆக வேண்டும், மாற்றுக் கருத்தில்லை. ஆனால், 1969-இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் 'ஹியர் கம்ஸ் தி சன்' பாடலுக்கு ஜார்ஜ் ஹாரிசன் ஏழாவது பிரெட்டில் கேப்போ மாட்டித்தான் வாசித்தார். ஸ்பெயின் நாட்டின் ஃபிளமெங்கோ கலைஞர்களும் பாடகரின் குரலுக்கேற்பக் கேப்போவை ஏற்றி இறக்குகிறார்கள். இவர்களெல்லாம் கத்துக்குட்டிகளா? கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தானை அழுத்துபவரை நாம் ஒன்றும் சொல்வதில்லையே!

வரும் தீபாவளி நிகழ்ச்சிக்கோ பொங்கல் விழாவுக்கோ ஒத்திகை தொடங்கும்போது ஒரு வழக்கத்தைக் கொண்டு வருவோம். பாடல் பட்டியலில் பாடுபவரின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய கட்டையையும் எழுதுவோம். கட்டை தெரியாதவரை முதலில் வாத்தியம் இல்லாமல் பாடச் சொல்வோம். பாடலின் உச்சமும் அடியும் அவர் தொண்டைக்கு இதமாக இருக்கும் சுருதியைக் கண்டுபிடிப்போம். ஐந்து நிமிட வேலைதான். புதிதாகக் கித்தார் பிடிக்கும் தம்பி தங்கைகளுக்கு மூத்த மாணவர்கள் முதலில் சொல்லித்தர வேண்டியதும் இதுவே. கேப்போவை மேலே பார்த்து மாட்டுங்கள், கீழே பார்த்து மாட்டுங்கள். அது உங்கள் பாடு. எந்த பிரெட் என்பதை மட்டும் பாடுபவரைக் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.