ஈறும் சோறும்

காலையில் பல் துலக்கித் துப்பும்போது நுரையில் லேசான சிவப்பு. இதைப் பார்த்ததும் பலர் 'உடம்புச் சூடு' என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு. நலமாக இருக்கும் ஈறில் ரத்தம் வராது. வந்தால் பெரும்பாலும் ஈறு வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் வலி இருக்காது என்பதுதான் ஆபத்து. கவனிக்காமல் விட்டால், சிலருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரையும். சொத்தையே இல்லாத பல் ஒரு நாள் ஆட்டம் காணும்.

ஈறு கெட்டால் சரியாகப் பல் துலக்கவில்லை என்று சொல்வது வழக்கம். அதற்கு ஆதாரமும் உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் நடத்திய ஒரு சோதனை 1965ல் வெளியானது. ஈறு நலமாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் சரியாகிவிட்டது. பல்லில் படியும் பாக்டீரியா படலம்தான் காரணம் என்பது உறுதியானது.

ஆனால் பல் துலக்காதவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதும் முக்கியம் என்று 2009ல் வெளியான ஒரு ஸ்விஸ் ஆய்வு காட்டியது. 10 பேர் 4 வாரங்கள் கற்கால மனிதர்களைப் போல வாழ்ந்தார்கள். முழு தானியம், பால், இறைச்சி, காட்டில் பறித்த பழங்கள், எப்போதாவது தேன். சர்க்கரை இல்லை, பிரஷ்ஷும் இல்லை. எதிர்பார்த்தபடியே பல்லில் படலம் கூடியிருந்தது. ஆனால் கருவியால் தொட்டால் ரத்தம் வரும் இடங்கள் சுமார் 35 சதவிகிதத்திலிருந்து 13 சதவிகிதமாகக் குறைந்திருந்தன! பெருகிய பாக்டீரியாக்கள் ஈறு நோயோடு தொடர்பில்லாத வகைகள்.

ஏன் இப்படி? சாதாரண சர்க்கரையைக் கொண்டு சில பாக்டீரியாக்கள் பசை போன்ற பொருளைத் தயாரிக்கின்றன. படலம் தடித்து, பல்லோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே, காற்றுப் புகாத இடுக்கில், வேறு வகைப் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. இவற்றுக்குச் சர்க்கரை தேவையில்லை. வீங்கிய ஈறிலிருந்து கசியும் புரதமும் ரத்தத்தின் இரும்புச்சத்துமே தீனி. வீக்கம் அவற்றை வளர்க்கிறது. அவை வீக்கத்தை வளர்க்கின்றன.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் நடந்து 2016ல் வெளியான ஆய்விலும் இதே திசைதான். மாவும் சர்க்கரையும் குறைத்து, நார்ச்சத்தும் வைட்டமின் சி, டியும் மீனில் உள்ளது போன்ற நல்ல கொழுப்பும் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்கு 4 வாரங்களில் ஈறு வீக்கம் ஏறக்குறைய பாதியானது. இரண்டும் சிறிய ஆய்வுகளே. பிரஷ்ஷைத் தூக்கி எறிய யாரும் சொல்லவில்லை. ஆனால் பிரஷ் மட்டும் போதாது என்பது தெரிகிறது.

நம் ஊர்க் கணக்கைப் பார்க்கலாம். டெல்லி அலுவலகமோ, மும்பை கடையோ, நாளை நகர்த்துவது டீதான். 2 ஸ்பூன் சர்க்கரையோடு 5 டீ என்றால் 10 ஸ்பூன். சுமார் 40 கிராம். பிஸ்கட் தனி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 ஸ்பூனுக்குள், இருப்பது மேலும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். எத்தனை முறை என்பதும் முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு பட்டதும் வாயில் அமிலம் ஏறுகிறது. எச்சில் அதைத் தணிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்குள் அடுத்த டீ வந்துவிடுகிறது.

பழத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1747ல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஈறு அழுகிய மாலுமிகளில் இரண்டு பேருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தார். சில நாட்களில் தேறினார்கள். ஈறின் திசுவைக் கட்ட வைட்டமின் சி வேண்டும். அதற்கு விலை உயர்ந்த மாத்திரை தேவையில்லை. ஒரு கொய்யா ஒரு நாளுக்குப் போதும். நெல்லிக்காய் இன்னும் மேல். சமைத்தால் இந்தச் சத்து குறையும் என்பதால் பச்சையாகச் சாப்பிடுவது நல்லது.

எனவே டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். நடு நேரத்து பிஸ்கட்டுக்குப் பதில் வேர்க்கடலையோ பழமோ சாப்பிடுங்கள். ரத்தம் வரும் இடத்தைத் தவிர்க்காமல், மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோயாளிகள் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அவர்களுக்கு ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரை ஈறை மேலும் கெடுக்கும்.