ரயில் ஓடியது யார் காசில்?

திருச்சி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, தெரியுமா? 2014-ல் திறந்தது. சின்ன இடம்தான். போன வாரம் நண்பர்களோடு போயிருந்தேன்.

கைவிளக்கு, சுவர்க்கடிகாரம், பழைய போட்டோக்கள் என்று பார்த்துக்கொண்டே வரும்போது கூட வந்தவன் ஒருத்தன் சொன்னான்: "என்ன சொல்லு மச்சி, வெள்ளைக்காரன் மட்டும் வரலேன்னா நமக்கு ஏதுடா ரயில்?" மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே சட்டென்று பதில் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் காசு. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் - திருச்சி பாதையைப் போட்டது இங்கிலாந்தில் தொடங்கிய ஒரு தனியார் கம்பெனி. அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளுக்கு அரசு கொடுத்த உத்தரவாதம் என்ன தெரியுமா? போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வரை வட்டி. வருமானம் குறைந்தால் மீதியை இந்திய கஜானா கொடுக்கும். நிலமும் இலவசம். அதாவது லாபம் வந்தால் லண்டன் பங்குதாரருக்கு, துண்டு விழுந்தால் நம்ம ஊர் விவசாயி கட்டிய வரியிலிருந்து. இதற்குப் பெயர் தானமா?

அடுத்து உழைப்பு. பொன்மலையில் பெரிய பணிமனை கட்டி, மற்ற ஊர்ப் பணிமனைகளை அங்கே கொண்டுவந்தபோது ஆட்குறைப்பு வந்தது. 1928-ல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1946 செப்டம்பர் 5-ம் தேதி அதே பொன்மலையில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். சுதந்திரத்துக்கு ஒரு வருஷம்கூட இல்லை.

"எப்படியோ ரயில் வந்துச்சுல்ல?" என்பீர்கள். ஜப்பானை எந்த வெள்ளைக்காரனும் ஆளவில்லை. அங்கே 1872-லேயே ரயில் ஓடியது. இங்கிலாந்து எஞ்சினியர்களைச் சம்பளத்துக்கு வைத்து வேலை வாங்கினார்கள். ரயில் வேண்டுமென்றால் நாட்டையே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ரயிலை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் ஜன்னல் சீட்டு என்றால் உயிர். ஆனால் கண்ணாடிக்குள் இருக்கும் அந்தக் கைவிளக்கைப் பார்த்ததும் அதைக் கொண்டுவந்த துரைதான் ஞாபகத்துக்கு வருகிறார் என்றால், ராத்திரி மழையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எங்கே போனார்?

நண்பனை மறுபடி கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். டிக்கெட் காசு என்னுடையது. இந்த முறையாவது கணக்கைச் சரியாகப் பார்க்கட்டும்.