கைக்காசைப் போடுமுன் கடைத்தெருவைக் கேளுங்கள்

மென்பொருள் நிறுவனம் தொடங்கியிருப்பதாகச் சொல்லும் வாலிபர்கள் இன்று அல்சூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய விஷயம்தான். முதல் முயற்சி தோற்பதும் தொழிலில் சகஜம். கவலை தருவது, தோற்றபின் அவர்கள் செய்யும் காரியம். ஓராண்டு உழைப்பு விலை போகவில்லை என்றதும், "வேறொரு யோசனை இருக்கிறது" என்று மறுநாளே அடுத்த மென்பொருளை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் தடவை கரைந்தது சம்பளச் சேமிப்பு. அடுத்தது தாயாரின் நகை.

பொங்கலுக்கு ஊர் போக டிக்கெட் தேடி அலைந்த நம்மவர்க்கு ரெட்பஸ் வரலாறு எளிதில் விளங்கும். 2005 தீபாவளிக்கு ஐதராபாத் செல்ல பஸ் கிடைக்காமல் பெங்களூரில் தங்கிவிட்ட பணீந்திர சாமா என்ற இளம் என்ஜினீயர், கல்லூரி நண்பர்களுடன் சேர்ந்து பஸ் முதலாளிகளுக்கென ஒரு மென்பொருளை எழுதினார். இலவசமாகத் தருகிறோம் என்றபோதும் முதலாளிகள் அதைச் சீந்தவில்லை. நண்பர்கள் அதை மேலும் மெருகேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. முதலாளிகளுக்குத் தேவை, காலி இருக்கையை விற்றுத் தரும் ஆள் என்று கண்டுகொண்டார்கள். 2006-ல் சில இருக்கைகளை மட்டும் கேட்டு வாங்கி, இணையத்தில் விற்றுப் பார்த்தார்கள். விற்றன. பிறகுதான் கடையை விரித்தார்கள். 2013-ல் ஐபிபோ குழுமம் அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கியது.

அமெரிக்காவில் 1996-ல் வெளிவந்த பாம் பைலட் கைக்கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதைச் செய்யுமுன் அதே அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதில் குறிப்பெடுப்பதுபோல் பாவனை செய்து பார்த்தார். மரத்துண்டுக்கு என்ன பெரிய செலவு?

அல்சூர் கடைத்தெரு மளிகைக்காரர்களுக்குக் கடன் கணக்கு மென்பொருள் விற்க நினைக்கும் வாலிபர், முதலில் ஐந்து கடைகளுக்கு ஒரு மாதம் நோட்டும் வாட்ஸ்அப்பும் வைத்துக்கொண்டு அந்த வேலையைத் தம் கையாலேயே செய்து கொடுக்கட்டும். மாதக் கடைசியில் 200 ரூபாய் கேட்கட்டும். "ரொம்ப நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுக் கல்லாவைத் திறக்காதவர் வாடிக்கையாளர் அல்லர். உறவினர்களைக் கேட்பதிலும் பயனில்லை. சித்தப்பாவும் அத்தையும் நம் பிள்ளை மனம் நோகக் கூடாதென்றே பேசுவார்கள். வெளியே சொன்னால் யோசனையைத் திருடிவிடுவார்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. கல்லாவை விட்டு எழுந்திருக்கவே நேரமில்லாத கடைக்காரரா மென்பொருள் எழுதப் போகிறார்?

ஏரிக்கரையருகே உள்ள நம் தமிழ்ச் சங்கம் மாதம் ஒரு மாலை வியாபாரிகளையும் இந்தப் பிள்ளைகளையும் எதிரெதிரே உட்கார வைத்தால் பெரிய உபகாரமாக இருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகனோ மகளோ நகையைக் கேட்டு வந்தால், யோசனை நல்லதா கெட்டதா என்று வாதாட வேண்டாம். இதுவரை யார் யார் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். பெயரும் தொகையும் வந்தால், அடகுக்கடை பற்றிப் பிறகு பேசலாம்.