வாயை மூடிக்கொண்டு படித்தால் மட்டும் விட்டுவிடுவார்களா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு சாத்தூரைச் சுற்றியுள்ள நம் தெருக்களுக்குக் கல்லூரி ஏஜெண்டுகள் வந்துவிடுகிறார்கள். "ஸ்காலர்ஷிப் இருக்கு, ஒரு பைசா செலவில்ல, ஒரிஜினல மட்டும் குடுங்க" என்கிறார்கள். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போய் உழைத்த பெற்றோர் நம்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கூடவே நம் பெரியவர்கள் ஒரு புத்திமதியும் சொல்லி அனுப்புகிறார்கள்: "அங்க போயி சங்கம் கிங்கம்னு சேராத. வாய மூடிட்டுப் படிச்சிட்டு வா."

ஏஜெண்டின் பேச்சைப் போலவே இந்தப் புத்திமதியும் ஆபத்தானது என்கிறோம் நாங்கள்.

முதலில் ஏஜெண்டைப் பார்ப்போம். தனியார் கல்லூரியில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் அரசாணை 92. குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இல்லை. இதை எந்த ஏஜெண்டும் சொல்வதில்லை. கவுன்சிலிங்கில் கிடைக்கும் இடத்தை அவர் பேச்சைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே யுஜிசி அறிவித்துவிட்டது. சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்குங்கள். இதெல்லாம் யாரும் போடும் பிச்சை அல்ல, உரிமை.

இனி அந்தப் புத்திமதி. சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமாருக்கு ஆய்வு வழிகாட்டியே கிடைக்கவில்லை. உதவித்தொகையும் நின்றது. 2008 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். வாயை மூடிப் படிக்கக்கூட அவருக்கு இடம் தரவில்லை.

அதே வளாகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இருந்தவர் ரோஹித் வெமுலா. அவருடைய உதவித்தொகை 2015-இல் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது. அவரையும் நான்கு தோழர்களையும் விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர்கள் வளாகத்திலேயே கூடாரம் போட்டு அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சேரி என்று பொருள். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித்தை இழந்தோம்.

"பாத்தீங்களா, சங்கத்துல சேந்ததாலதான்" என்பார்கள். அப்படியானால் செந்தில்குமார் ஏன் செத்தார்? சாதி நம் வாயைப் பார்த்து வருவதில்லை. தனியாக இருப்பவரைத்தான் அது சுலபமாக அடிக்கிறது. ரோஹித்தின் பெயர் நாடு முழுக்க ஒலித்ததென்றால், கேள்வி கேட்க ஒரு சங்கம் இருந்ததால்தான்.

ஆகவே, கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளே! ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் யுஜிசி விதி. சேர்ந்த முதல் வாரமே "அந்த அலுவலர் யார்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். உதவித்தொகை அதில்தான் வரும். விடுதியிலோ வகுப்பிலோ சாதி சொல்லி இழிவுபடுத்தினால் விழுங்கிக்கொள்ளாதீர்கள். அன்றே சீனியர் தோழர்களிடம் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லுங்கள். மனம் உடைந்தால் அறைக்குள் தனியாக இருக்காதீர்கள்.

கந்தகத்தில் கை வெந்து உங்களைப் படிக்க அனுப்பியவர்கள் கேட்பது பட்டத்தை மட்டுமல்ல. நீங்கள் உயிரோடும் தலை நிமிர்ந்தும் வீடு திரும்ப வேண்டும்.