தோற்றவன் இல்லாத கணக்கு

சென்ற இதழில் ஆன்லைன் ரம்மித் தடையைக் கண்டித்து வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பல பத்திகளைத் தாண்டிவிட்டேன். பதில் எழுதப்போகிறவன் அப்படிச் செய்யக்கூடாது என்று மறுநாள் வரி விடாமல் படித்தேன். கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கட்டுரையாளர் சொல்வது இவ்வளவுதான். ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வயது வந்தவன் தன் பணத்தைத் தன் இஷ்டப்படி செலவழிக்கிறான். சாராயம் விற்கும் அரசுக்கு இதைத் தடுக்க அருகதை கிடையாது. வீடியோ கேமையும் பங்குச் சந்தையையும் விட்டுவிட்டு இதை மட்டும் பிடிப்பது ஓட்டு அரசியல். தடை போட்டால் ஆட்டம் திருட்டுத்தனமாக நடக்கும். வரியும் வேலையும்தான் போகும். டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் தினமும் காதில் விழுகிற பேச்சுதான். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நான் முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்தவன். உரைகல்லில் தேய்க்காமல் எதையும் பவுன் என்று ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

முதலில் அந்தத் தீர்ப்பு. செகந்திராபாத்தில் இருந்த ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியவர்கள் மீது போட்ட வழக்கு, 1967இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹிதயத்துல்லா. மூன்று சீட்டைப் போல ரம்மி வெறும் அதிர்ஷ்டம் இல்லை. இறங்கிய சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே திறமையே மேலோங்கிய ஆட்டம் என்று அதில் இருக்கிறது. கட்டுரையாளர் இதுவரைக்கும் எடுத்துப் போட்டிருக்கிறார். அதே தீர்ப்பில் இதை ஒட்டியே இருக்கும் இன்னொரு செய்தியை விட்டுவிட்டார். பணம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து, இடத்தை நடத்துகிறவர் லாபமோ ஆதாயமோ அடைகிறார் என்று தெரிந்தால் அது குற்றமாகலாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். உறுப்பினர்களுக்கு மேசை நாற்காலி போட்டுக்கொடுத்து அதற்காகக் கொஞ்சம் கட்டணம் வாங்குவதை அவர்கள் லாபமாகக் கருதவில்லை. அதனால்தான் அந்த மன்றம் தப்பியது. தடைக்கு முன் ரம்மி ஆப்களின் மொத்த வருமானமும் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தயப் பணத்தில் கமிஷன் பிடித்துக்கொண்டதிலிருந்துதான். 1967இல் நீதிபதிகள் எந்தக் கதவை மூடிவைத்தார்களோ அதற்கு உள்ளேதான் இந்தத் தொழில் முழுவதும் நடந்தது. பாதித் தீர்ப்பைக் காட்டி வாதாடுவது வாசகனை ஏமாற்றுவது.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும் ரம்மியையும் போக்கரையும் அதன் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது உண்மை. மறைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டது. பணம் கட்டி, பணம் வரும் என்று எதிர்பார்த்து ஆடும் எந்த ஆன்லைன் விளையாட்டையும் நடத்தக்கூடாது. ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. எப்படி முடிந்தாலும், கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு பேர், ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு உட்காருகிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆளுக்கு நூறு. மொத்தம் 600 ரூபாய்ப் பந்தயத்தில் கம்பெனி 10 சதவீதம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 60 ரூபாய். ஆறு பேரும் சமமான திறமைசாலிகள், மாறி மாறி ஜெயிக்கிறார்கள். நாற்பதாவது ஆட்டம் முடியும்போது கம்பெனி எடுத்தது 2,400 ரூபாய். ஆறு பேரும் கொண்டுவந்த 6,000 ரூபாயில் ஐந்தில் இரண்டு பங்கு அது. ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர்களிடமிருந்து ஒன்றரை மணிக்குள் அவ்வளவும் போயிருக்கும்; விடியும்வரை ஆட அவர்கள் கையில் பணம் இருக்காது. யாரும் மோசமாக ஆடவில்லை. யாருக்கும் துரதிர்ஷ்டம் இல்லை. எல்லோரும் தோற்றார்கள்.

ஆறு பேரில் ஒருவர் கெட்டிக்காரர் என்றால் அவர் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவார், மற்ற ஐந்து பேரும் இன்னும் சீக்கிரம் காலியாவார்கள். கட்டுரையாளர் கொண்டாடும் திறமை இந்த இடத்தில் செய்கிற வேலை அது. சதுரங்கப் போட்டியில் திறமையை அளந்து, சமமானவர்கள் மோதும்படி பிரிவு பிரிவாக வைக்க முடிகிறது. இங்கே பையில் பணம் இருந்தால் போதும்; நேற்று ஆப்பை இறக்கியவனும் பத்து வருஷமாக ஆடியவனும் ஒரே மேசையில் உட்கார முடிந்தது. புதிதாக வருகிறவனுக்கு வரவேற்பு போனஸ் வேறு. தோற்கிற ஆள் வந்துகொண்டே இருந்தால்தான் மேசை ஓடும்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஒரு விதி போட்டது: நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பணம் வைத்து ஆட முடியாது. ஆட்டத்தைத் தடுக்கவில்லை, வெறும் ஐந்து மணி நேரம் கடையைச் சாத்தச் சொன்னது, அவ்வளவுதான். அந்த ஐந்து மணி நேரத்துக்காக நிறுவனங்கள் உயர் நீதிமன்றம் வரை போயின. ஜூன் மாதம் நீதிமன்றம் அவர்கள் வாதத்தை நிராகரித்தது. பொழுதுபோக்குத் தொழில் என்றால் ஊர் தூங்குகிற நேரத்துக்காக எதற்கு இவ்வளவு போராட்டம்? தூக்கம் கெட்டு, விட்டதைப் பிடிக்க ஆடுகிறவன் எந்த நேரத்தில் ஆடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவன் மறுநாள் காலை பத்து மணிக்கு என் கவுன்டருக்கு வருவான்.

சரக்கு ஆட்டோ ஓட்டும் ஒரு பையன். முதல் முறை இரண்டு வளையல் கொண்டுவந்தான். வண்டிக்கு எஃப்சி எடுக்க வேண்டும் என்றான். அடுத்த மாதம் ஒரு செயின், வீட்டு அட்வான்ஸுக்கு. மூன்றாவது முறை வந்தபோது காரணம் எதுவும் சொல்லவில்லை, கண் சிவந்திருந்தது, எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டான். நகை என்னுடையது என்று கையெழுத்து வாங்கிக்கொள்வோம். அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வழியில்லை. சில மாதம் கழித்து அவன் அம்மா அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது, சீட்டு எடுத்த பணத்தோடு வளையலைத் திருப்ப வந்திருந்தார். வளையல் மட்டும்தான் அடகில் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். நான் மூன்று ரசீதையும் எடுத்து வைத்தேன்.

“சார், என் செயின் வீட்டு பீரோவுல இருக்கு. இது வேற யாரோடதோ, நல்லாப் பாருங்க” என்றார்.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அம்மா கொஞ்ச நேரம் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த பணத்தை மறுபடி சுருக்குப் பையில் போட்டு முடிந்துகொண்டார். ஐந்தரைப் பவுன். எங்கே போயிற்று என்று பிறகு அவனே சொன்னான்.

கட்டுரையாளரே, அது யாருடைய பணம்? தன் பணம், தன் இஷ்டம் என்று நீங்கள் எழுதிய வரிக்கு அந்த அம்மாவிடம் என்ன பதில் சொல்வீர்கள்? கணக்கு முழுக்க எழுதிவைத்துத் தனி ஆளாக வாழ்கிற ஒருவனை மனதில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் பணம் அப்படி இல்லை. மகனின் சம்பளத்தில் தங்கையின் ஃபீஸ் இருக்கிறது, அப்பாவின் மாத்திரை இருக்கிறது, மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை இருக்கிறது. அது தீர்ந்ததும் கடன் ஆப்புகள் இருக்கின்றன. ஆதார் எண்ணைக் கொடுத்தால் சில நிமிடத்தில் பணம் வந்துவிடும், வட்டி பிறகுதான் தெரியும். இரண்டு ஆப்பும் ஒரே போனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கடைசியில் வழி தெரியாமல் உயிரை விட்டவர்களின் செய்தி தமிழ்நாட்டில் எத்தனை முறை வந்தது என்று பத்திரிகையில் எழுதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு அரை வரிகூட இல்லை.

அந்தச் செய்திகளைச் சொன்ன ஊடகங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரம்மியில் பணத்தை இழந்தவர் தற்கொலை என்று செய்தி வாசிப்பார்கள். அடுத்த விளம்பர இடைவேளையில் ஒரு நடிகர் வந்து வாங்க ஆடலாம், வாங்க ஜெயிக்கலாம் என்பார். இதை நான் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. 2020 இறுதியிலேயே மத்திய ஒலிபரப்பு அமைச்சகமும் விளம்பரத் தர மன்றமும் வழிமுறை சொல்லின: இதில் பண இழப்பு அபாயம் உண்டு, அடிமையாகலாம் என்ற எச்சரிக்கை கட்டாயம், வருமான வழியாகவோ மாற்று வேலையாகவோ காட்டக்கூடாது. எச்சரிக்கையை மூச்சு விடாமல் இரண்டு நொடியில் படித்து முடித்தார்கள். ஜெயிக்கலாம் என்ற சொல்லை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். அந்த விளம்பரப் பணத்தில்தான் விவாத நிகழ்ச்சிகள் ஓடின, இந்திய கிரிக்கெட் அணியின் சட்டை முன்பக்கமே ஒரு பணப்பந்தய ஆப்பின் பெயரைச் சுமந்தது. 2025 சட்டம் வந்த சில நாளில் அந்த ஒப்பந்தம் முறிந்தது.

வீடியோ கேமோடு இதைச் சேர்த்துக் குழப்புவது இன்னொரு தந்திரம். ஃப்ரீ ஃபயர் ஆடும் பையன் நேரத்தை இழக்கிறான். அது தனிப் பிரச்சினை, பெற்றோர் கண்டிக்க முடியும். அவன் தோற்றால் வீட்டுச் சொத்து குறைவதில்லை. 2025 சட்டமே இ-ஸ்போர்ட்ஸையும் பணமில்லாத விளையாட்டுகளையும் தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது. வீடியோ கேமுக்குள்ளேயே பணம் கட்டி அதிர்ஷ்டப் பெட்டி திறக்கும் வித்தை வந்தபோது, பெல்ஜியம் 2018இல் அதைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. கோடு எங்கே விழுகிறது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

பங்குச் சந்தை பற்றி அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களை வாங்கி விற்கும் எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே கணக்குக் காட்டியது. இதைப் படித்த ஒருவர் அந்தப் பள்ளத்தையும் மூடச் சொல்வார். செபியும் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்திக் கொஞ்சம் மூடியது. கட்டுரையாளரோ அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, ஆகவே இங்கேயும் ஒன்று இருக்கட்டும் என்கிறார்.

டாஸ்மாக் வாதமும் அதே ரகம்தான். 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டை ஒழித்த அதே அரசு, அந்த ஆண்டு முடிவதற்குள் மதுக்கடையைத் தானே நடத்த ஆரம்பித்தது. அடுத்து வந்தவர்களும் விடவில்லை. 2024-25இல் வருமானம் 48,000 கோடியைத் தாண்டியது. இது வெட்கக்கேடு. இதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் குடியால் ஒரு வீடு அழிகிறது என்பது, அடுத்த வீட்டைச் சூதில் அழிக்க யாருக்கும் கொடுத்த உரிமம் ஆகாது. டாஸ்மாக்கையாவது இரவு பத்து மணிக்கு மூடுகிறார்கள்.

ஓட்டு அரசியல் என்கிறார். 2020இல் அவசரச் சட்டம் கொண்டுவந்தது அ.தி.மு.க. அரசு. அந்தத் தடையை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்த பிறகு, நீதிபதி சந்துரு குழுவை வைத்து 2022இல் புதிய சட்டம் இயற்றியது தி.மு.க. அரசு. ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பியனுப்ப, பேரவை மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2025இல் நாடு முழுவதற்கும் தடை கொண்டுவந்தது பா.ஜ.க. அரசு. மூன்று வெவ்வேறு கட்சிகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. இதில் யார் ஓட்டை யார் பறித்தார்கள்?

தடைக்குப் பிறகும் திருட்டு ஆட்டம் நடக்கும் என்பது உண்மை. மூணு நம்பர் லாட்டரி இன்றும் ஒளிந்து விற்கிறது, குடும்பங்களை அழித்திருக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் சரம் சரமாகச் சீட்டு தொங்கிய காலமும், மைக்கில் கூவி விற்ற வண்டிகளும் எனக்கு நினைவிருக்கின்றன. கூலி வாங்கிய கையோடு அங்கே நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்று அதை வாங்க ஒருவன் தேடிப் போக வேண்டும். தேடிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர். கண்ணில் பட்டதால் வாங்கியவர்கள்தான் ஏராளம். வரி போயிற்று, வேலை போயிற்று என்பதற்கு ஒரே பதில்: ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாயை மக்கள் இதில் இழப்பதாக மத்திய அரசே மதிப்பிட்டது. அந்த வரியும் சம்பளமும் அந்த இழப்பிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டுகள்தான்.

உங்கள் கட்டுரையில் முதலீட்டாளர் வருகிறார், மென்பொருள் பொறியாளர் வருகிறார், வரித்துறை வருகிறது, வழக்கறிஞர் வருகிறார். தோற்றவர் ஒருவர்கூட வரவில்லை. அவரை விட்டுவிட்டு இந்தத் தொழிலைப் பற்றி எழுத உங்களுக்கு உரிமை கிடையாது. உங்கள் ஊரில் ஏதாவது ஒரு நகைக்கடன் கவுன்டர் எதிரே மாதக் கடைசியில் ஒரு நாள் உட்காருங்கள். அங்கே வருகிற ஒரு தாயிடமாவது பேசிவிட்டு, அடுத்த கட்டுரையை எழுதுங்கள்.