இவ்வாண்டு என் பேழைக்கு வந்த காசுகள்

 

ஆண்டு முடியும் தறுவாயில், அவ்வாண்டு முழுவதும் என் கைக்கு வந்து சேர்ந்த பழங்காசுகளை மேசைமீது பரப்பி வைத்து ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். இம்முறை எண்ணிப் பார்த்தேன்; முப்பத்தொன்று தேறின. அவற்றுள் இருபதுக்கு மேற்பட்டவை யார் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் கிடைக்கக் கூடியவை. எஞ்சியவற்றுள் என் நெஞ்சுக்கு நெருக்கமான ஐந்தினை மட்டும் இத்திங்கள் உங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறேன்.

நான் வாழும் மகாராஜபுரம், வத்திராயிருப்பை அடுத்து, மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். சதுரகிரிக்குச் செல்வோர் அறிந்திருப்பர். இவ்வூரில் ஒருவன் பழங்காசு சேர்க்கிறான் என்று தெரிந்தால், காண வருகின்றவர் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை இலட்சம் பெறும்?" என்பதே. பெரும்பாலான காசுகள் ஒருவேளை உணவின் விலைகூடப் பெறமாட்டா என்று சொன்னால், நான் மறைக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு போய்விடுகின்றனர்.

முதலாவது, ஒரு டச்சுத் துட்டு. ஆம், "கையில் துட்டு இல்லை" என்கிறோமே, அதே துட்டுதான். 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிறு செம்புக் காசை 'டொய்ட்' என்று அழைத்தது. 1658இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறின. கப்பலில் வந்த காசு கரையேறி நம் நாவிலும் ஏறிவிட்டது. காசின் ஒரு பக்கத்தில் கம்பெனியின் முதலெழுத்துகள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும்; மறுபக்கத்தில் ஹாலந்து, ஸீலந்து, உத்ரெக்ட் முதலிய மாகாணங்களுள் ஒன்றின் சின்னம் இருக்கும். இது எளிதில் கிடைக்கும் காசு. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, சென்னை மாகாணத்திற்காக ஆங்கிலக் கம்பெனி 1808இல் அடித்த இருபது காசு நாணயம். நல்ல கனமும் அழகும் உடையது. இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகே, மேத்யூ போல்டன் என்பாரின் சோஹோ ஆலையில் நீராவிப் பொறியால் அடிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது. ஒருபுறம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னமும் இலத்தீன் வாசகமும். மறுபுறம் பார்சி எழுத்துகளில், 'இருபது காசு நான்கு ஃபலூஸ் ஆகும்' என்ற கணக்கு. அதன் கீழே ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்ற சொல். தமிழன் கையில் புழங்க வேண்டிய காசில் தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை! ஆனால் அந்தக் 'கேஷ்' யாருடையது? நம்முடைய 'காசு'தான் அது. பணத்தைப் பொதுவாகக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வேறொரு வேரிலிருந்து கிளைத்தது. இந்நாணயத்தின் மேலுள்ளது மட்டும் தமிழ்ச் சொல்லே. கம்பெனியார் அக்காலத்தில் அடித்த வெள்ளி இரட்டைப் பணத்தில் 'இரண்டு பணம்' என்று தமிழிலும், உடன் தெலுங்கிலும் பொறித்தனர் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. எண்பது காசு ஒரு பணம்; நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன். இக்கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு கடை நடத்திய நம் முன்னோரை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1818க்குப் பிறகு ரூபாய்க் கணக்கு வந்து அவர்களை விடுவித்தது.

இந்த வகைக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் ஆங்கிலக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் இலட்சக்கணக்கில் அக்காசுகளை வெளியே எடுத்தனர். நம் சந்தைக்கு வரவேண்டிய காசுகள் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் காத்திருந்து, முடிவில் சேகரிப்பாளர்களின் பேழைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. என்னுடையது கடற்காசன்று, நன்றாகத் தேய்ந்திருக்கிறது. எத்தனை கைகள் மாறியிருந்தால் சிங்கத்தின் முகம் இப்படி மழுங்கியிருக்கும்!

மூன்றாவது, திப்பு சுல்தானின் யானைக் காசு. சீரங்கப்பட்டணத்து அச்சு. இதைப் பெற்ற நாளில் என் பேரக் குழந்தைகள் யானையைப் பார்த்துக் குதூகலித்தனர். நானோ மறுபக்கத்து எழுத்தைப் பார்த்து மகிழ்ந்தேன். 'ஸுஹ்ரா' என்று இருந்தது. ஸுஹ்ரா என்றால் வெள்ளிக் கோள். திப்பு தம் செம்புக் காசுகளுக்கு விண்மீன்களின் பெயர்களைச் சூட்டினார். அரைக்காசு 'பஹ்ராம்', அதாவது செவ்வாய். கால்காசு 'அக்தர்', விண்மீன். அதனினும் சிறியது 'குத்பு', துருவமீன். இரட்டைக் காசுக்கு முதலில் மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் பெயரை வைத்து 'உஸ்மானி' என்றார்; பின்னர் 'முஷ்தரி', வியாழன் என மாற்றினார்.

பொன்னும் வெள்ளியும் பெரியோரின் பெயர்களைத் தாங்கின. நான்கு வராகன் மதிப்புள்ள பொற்காசு 'அஹ்மதி'. இரண்டு வராகன் 'ஸித்தீக்கி'. ஒரு வராகன் 'ஃபாரூக்கி'. இரட்டை ரூபாய் 'ஹைதரி', ரூபாய் 'இமாமி', அரை ரூபாய் 'ஆபிதி', கால் ரூபாய் 'பாக்கிரி', அதிற் பாதி 'ஜஅஃபரி', அதிலும் பாதி 'காஸிமி'. எல்லாவற்றிலும் சிறிய வெள்ளிக் காசு 'கிஸ்ரி'. வீட்டில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து இப்பெயர்களைச் சொல்லிக் கொடுத்தேன். கடைசிப் பேரன், "கடையில் போய் ஒரு பாக்கிரிக்கு மிட்டாய் கொடுங்கள் என்று கேட்பார்களா?" என்றான். கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

திப்புவின் காசுகளில் ஆண்டைப் படிப்போர் ஏமாறுவதுண்டு. 1787 அளவில் அவர் ஹிஜ்ரிக் கணக்கை விட்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பைத் தொடக்கமாகக் கொண்ட மவ்லூதி ஆண்டைப் புகுத்தினார். அவ்வாண்டின் எண்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். இதை அறியாத ஒருவர் 1218ஐ 8121 என்று படித்துவிட்டு, என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

இவ்விடத்தில் என் பழைய பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறுவயதில் என் நன்னி கொடுத்த முதல் யானைக் காசைப் பளபளப்பாக்க எண்ணி, புளியும் சாம்பலும் இட்டு ஒருநாள் முழுவதும் தேய்த்தேன். குத்துவிளக்குப்போல் மின்னியது. ஆனால் யானையின் துதிக்கையும் எழுத்தும் போய்விட்டன. செம்பின் மேற்படிந்த கரும்பச்சைப் படலம் அழுக்கன்று. காலம் போர்த்திய போர்வை. அதை நீக்கினால் காசின் மதிப்பும் போகும், செய்தியும் போகும். ஆகவே, சகோதரிகளே, வீட்டில் பழங்காசு கிடைத்தால் பாத்திரம் துலக்கும் இடத்திற்குக் கொண்டுபோகாதீர்கள். மண் ஒட்டியிருந்தால், காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவிட்டு மெல்லிய தூரிகையால் ஒற்றி எடுத்தாலே போதும்.

நான்காவது, 'சோணாடு கொண்டான்' என்ற எழுத்துடைய பாண்டியர் செம்புக் காசு. இரண்டு மீன்கள், நடுவே செண்டு. மறுபுறம் நின்ற மனித உருவம். 1216 முதல் 1238 வரை ஆண்ட மாறவர்மன் சுந்தர பாண்டியன், சோழ நாட்டை வென்று தஞ்சையையும் உறையூரையும் எரித்த செய்தியை ஒரு கட்டைவிரல் நகத்தளவு செம்பில் சுருக்கி எழுதிவிட்டான். அவன் மரபினர் காலத்தில்தான் காயல் துறைக்கு அரபுக் குதிரைகள் வந்திறங்கின. 'மஅபர்' என்று அரபுகள் அழைத்த இக்கரைக்கு ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்தன என்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். பாண்டியரின் அமைச்சராகத் துறைமுகப் பொறுப்பை ஏற்றிருந்தவர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான். மீன் பொறித்த காசும் பிறையூர்க் குதிரையும் ஒரே சந்தையில் சந்தித்த காலம் அது. பொன் கடல் கடந்தது. செம்பு நமக்கு மிஞ்சியது.

இனி ஐந்தாவது. இதைச் சொல்லவே இக்கட்டுரையைத் தொடங்கினேன் எனலாம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மூதாட்டி வாழ்கிறார். அவர் கணவர் மிதிவண்டியில் ஊரூராகப் பாத்திரம் விற்றவர். பழைய செம்பு பித்தளையை வாங்கிக்கொண்டு புதிய பாத்திரம் கொடுப்பவர். அவர் மறைந்து பல்லாண்டுகளாகின்றன. ஒரு மாலை அந்த அம்மையார் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்தார்.

"தம்பி, அவர் தராசுத் தட்டைச் சமன் பண்ணப் போட்டுக்கிட்டிருந்த காசு இது. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேக்கிறாரு. பேத்திக்குப் படிப்புக்குப் பணம் கட்டணும். நீங்க ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா கொடுத்துடுவேன்" என்றார்.

செய்தித்தாளின் மேல் கொட்டினேன். ஜார்ஜ் மன்னரின் காலணாக்கள், நயா பைசாக்கள், போர்க்காலத்துச் செம்புத் தட்டுப்பாட்டில் 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணாக்கள். நடுவே, சுண்டுவிரல் நகத்தளவில், தடித்த கறுப்புக் காசு ஒன்று. பூதக்கண்ணாடியை வைத்தேன். ஒருபுறம் 'அஸ்ஸுல்தான்' என்ற எழுத்து. திருப்பினேன். 'அஹ்ஸன் ஷாஹ்'. என் கை நடுங்கியது.

இளம் வாசகர்களுக்காக: ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ், டில்லி சுல்தான் முஹம்மத் இப்னு துக்ளக்கின் ஆளுநராக மதுரைக்கு வந்தவர். 1335 அளவில் டில்லியின் பிடியை உதறித் தனியரசு கண்டவர். ஏறத்தாழ நாற்பத்து மூன்று ஆண்டுகள் நீடித்த அவ்வரசுக்கு மாளிகை எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியவை பெரும்பாலும் காசுகளே. உலகம் சுற்றிய இப்னு பதூதா அஹ்ஸன் ஷாஹின் மகளை மணந்தவர்; மதுரைக்கே வந்து சென்றவர். அஹ்ஸன் ஷாஹ் தம் காசுகள் சிலவற்றில் தம்மை 'ஏழைகளுக்கும் வறியோருக்கும் தந்தை' என்று பொறித்துக்கொண்டார். அது அரசர் தம்மைப்பற்றித் தாமே சொல்லிக்கொண்டது என்பதை மறக்கலாகாது. பின்வந்த கியாஸுத்தீன் தாமகானியின் கொடுமைகளை, தம் சகலன் முறையினர் என்றும் பாராமல், இப்னு பதூதா வெளிப்படையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

காசின் பயன் இன்னொன்றும் உண்டு. விசயநகர இளவரசர் குமார கம்பணர் 1370 அளவில் மதுரையை வென்றதோடு சுல்தான்களின் கதை முடிந்தது என்று படித்திருப்பீர்கள். ஆனால் கடைசி சுல்தான் ஸிக்கந்தர் ஷாஹின் காசில் ஹிஜ்ரி 779 என்று இருக்கிறது. 779ஐ 0.97ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 756. அதோடு 622ஐக் கூட்டினால் கி.பி. 1378. எங்கோ ஓரிடத்தில் அவ்வரசு இன்னும் மூச்சுவிட்டுக் கொண்டிருந்தது என்பதை இக்காசுதான் சொல்கிறது.

இத்தகைய காசொன்று என் திண்ணையில் கிடந்தது. "எடைக்கு அவர் கொடுப்பதைப்போல் இருமடங்கு தருகிறேன், பாட்டி" என்று நான் சொல்லியிருந்தால், அவர் என்னை வாழ்த்திவிட்டுப் போயிருப்பார். அந்த எண்ணம் எனக்கு எழவே இல்லை என்று எழுதினால் அது பொய். அன்றிரவு இஷாவுக்குப் பிறகும் உறக்கம் வரவில்லை. தராசைச் சமன் செய்யக் கிடந்த காசல்லவா அது!

விடிந்ததும், இக்காசை நன்கறிந்த இருவரிடம் தொலைபேசியில் விலை கேட்டேன். இருவர் சொன்னதில் கூடுதலானதை எடுத்துக்கொண்டு, மற்றக் காசுகளுக்கும் தனித்தனியே விலை எழுதி, பாட்டியிடம் சென்றேன். நான் எதிர்பாராதது அங்கே நடந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தக் கறுப்புக் காசுக்கா இவ்வளவு? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சு தர்மம் பண்றீங்களா? அவர் இருக்கும்போது ஒருத்தர்கிட்டயும் கை நீட்டினதில்ல தம்பி" என்றார்.

வீட்டுக்கு ஓடிச்சென்று நூலை எடுத்துவந்து, அச்சிட்ட படத்தையும் காசையும் அருகருகே வைத்து அரைமணி நேரம் விளக்க வேண்டியதாயிற்று. அரபு எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டின் வடிவையும் விரலால் தடவித் தடவி ஒப்பிட்டார். முடிவில் தலையசைத்தார். என் கையிலும் முழுப் பணம் இல்லை. இரண்டு தவணையாகக் கொடுத்து முடித்தேன்.

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். இது வியாபாரத்தில் வந்து வீட்டில் கிடந்த காசு. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ மண்ணிலிருந்து கிடைப்பது வேறு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவாயினும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த காசை அனுமதியின்றி அயல்நாட்டுக்கு அனுப்புவதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வளைகுடாவிலுள்ள பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்தனுப்ப எண்ணுவோர் கவனிக்கவும்.

பாட்டி டப்பாவைக் காலிசெய்து கொடுக்கும்போது ஓர் ஓட்டைக் காலணாவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். "இது இருக்கட்டும், அவர் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கினது" என்றார். நான் எழுதிய பட்டியலில் அதற்குப் போட்டிருந்த விலையை அவரே பென்சிலால் அடித்துவிட்டு, அந்தத் தொகையைக் கழித்துக் கணக்கைத் திருத்தச் சொன்னார். திருத்தினேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் சில வேளை வருகிறார். "என் கறுப்புக் காசைக் காட்டுங்க தம்பி" என்கிறார். பேழையைத் திறந்து காட்டுகிறேன்.