மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே வளரும் பிள்ளைகள்: செஞ்சிச் சாலையில் கற்பிக்க வேண்டிய முன்னெச்சரிக்கை

2025 ஜூலை 11 அன்று மராத்தியர் காலத்துப் படைக் கோட்டைகள் பன்னிரண்டினை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் அமைந்த ஒரே கோட்டை செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலை இக்கோட்டையின் குன்றுகளுக்கு ஊடாகச் செல்கிறது. கிருஷ்ணகிரிக் குன்றைப் பார்த்துவிட்டு ராஜகிரிக்குச் செல்ல விரும்பும் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் இந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும்.

இச்சாலை முன்னரே ஓய்வில்லாத சாலை. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக் கிரிவலத்திற்கும், அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும் செல்வோர் இரவு முழுதும் இப்பகுதியைக் கடக்கின்றனர். அவர்களுள் பலர் வருவது இருசக்கர வாகனத்தில். அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் மூட்டைகளுடன் டிராக்டர்களும் சேர்ந்துகொள்கின்றன.

இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதற்கு அடுத்த பெரிய பங்கு, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, நடந்து சென்றவர்களுடையது. அவ்வாண்டில் மிகுந்த எண்ணிக்கையில் விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. உலக அளவில் 5 முதல் 29 வயது வரையிலானோரின் இறப்பிற்கு முதற்காரணம் சாலைக் காயமே என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது.

இவ்விபத்துகளை வேகம், குடிபோதை, தலைக்கவசம் இன்மை ஆகிய மூன்றின் கணக்கிலேயே எழுதிவிடுவது வழக்கம். அவை உண்மையான காரணங்களே. ஆயினும் நான்காவதாக ஒன்று உண்டு. அதனை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே இல்லை. பார்த்தும் காணாமல் விடுதல் என அதனைக் கூறலாம். அமெரிக்காவில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியான ஹர்ட் அறிக்கை, வேறொரு வாகனமும் தொடர்புற்ற விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டில் அந்த மற்ற வாகனமே வழிவிடாமல் குறுக்கிட்டது என்று கண்டறிந்தது. அவ்வோட்டுநர்கள் மோட்டார் சைக்கிளைக் கவனிக்கத் தவறியிருந்தனர். பேருந்தையும் லாரியையும் தேடப் பழகிய கண், ஒடுங்கிய உருவத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. மேலும், உருவிற் சிறிய வாகனம் தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் மூளை கணக்கிடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தையால் அவ்வேகத்தைச் சரியாக மதிப்பிட இயலாது. எனவே, "பார்த்துப் போ" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. எங்கே, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்கலாம். பேருந்து நின்றதும் அதன் இடப்பக்கத்து இடைவெளியில் மோட்டார் சைக்கிள் நுழைவது நம் ஊர்களில் அன்றாடக் காட்சி. ஆகவே படியிலிருந்து காலை ஊன்றுமுன் பின்புறம் திரும்பிப் பார்க்கப் பிள்ளையைப் பழக்குங்கள். இறங்கியபின் பேருந்தின் முன்னால் சாலையைக் கடக்கக் கூடாது. அது புறப்பட்டுச் சென்று, இருபுறமும் சாலை தெளிவாகத் தெரிந்த பிறகே கடக்க வேண்டும். ஒரு வாகனம் வழிவிட்டு நின்றாலும் அதன் மறுபக்கத்தில் இன்னொன்று வரக்கூடும்.

பின்னிருக்கை ஒரு நல்ல வகுப்பறை. ஓட்டுநர் உரிமம் பெறும் வயதிற்குப் பல ஆண்டுகள் முன்பே பிள்ளைகள் அங்கே அமர்ந்துவிடுகின்றனர். போகும் வழியில் காணும் இடர்களைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும்: முன்னே ஆட்டோ நிற்கிறது, ஆள் இறங்கலாம், இடப்புறச் சந்திலிருந்து சைக்கிள் வருகிறது, சாலையோரம் நெல் காய்கிறது, சக்கரம் வழுக்கும், முன் செல்லும் டிரெய்லருக்குப் பின்விளக்கு இல்லை. பிரிட்டனில் 2002 முதல் இவ்வாறு இடரை முன்னுணரும் திறனுக்கெனத் தனித் தேர்வே உரிமத்திற்கு முன் நடத்தப்படுகிறது. நம் உரிமத் தேர்வில் எட்டுப் போட்டுக் காட்டுவது வண்டியின் சமநிலையைச் சோதிக்கிறது. எதிர்பார்க்கும் அறிவைச் சோதிப்பதில்லை. அந்தக் குறையை இப்போதைக்கு வீடுதான் நிரப்ப வேண்டியுள்ளது.

வண்டி ஓட்டத் தொடங்கிய இளைஞருக்குச் சொல்ல வேண்டியது, பிறர் தம்மைக் காணவில்லை என்றே கருதி ஓட்ட வேண்டும் என்பது. லாரி ஓட்டுநரின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லையெனில், அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். முன் செல்லும் வாகனத்திற்கும் தமக்கும் இரண்டு நொடி இடைவெளி, மழையில் அதனினும் கூடுதலாக, இருத்தல் வேண்டும். 2017 ஏப்ரல் முதல் விற்பனையாகும் இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு பகலிலும் எரிவது இதற்காகவே. (விளக்கு எரிகிறதெனக் கையசைத்து நினைவூட்டும் அன்பர்கள் இன்னும் உள்ளனர்.) தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது, தாடைப் பட்டியைப் பூட்டாமல் அணிந்தால் அது முதல் மோதலிலேயே கழன்றுவிடும். நான்கு வயதைக் கடந்த எவரும், பின்னிருக்கையில் உள்ளவர் உட்பட, அதனை அணிய வேண்டும் என்பது சட்டம்.

பதினெட்டு நிறையாத மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பது பாசமாகத் தோன்றலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அச்சிறார் 25 வயது வரை உரிமம் பெற இயலாது.

தலைக்காயத்திலிருந்து மீண்டுவரும் இளைஞரைப் பராமரிப்போர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். வெளிக்காயம் ஆறிய பின்னும் கவனமும் எதிர்வினை வேகமும் குறைந்திருக்கலாம்; வலிப்புத் தடுப்பு மருந்துகளும், சாதாரணச் சளி மாத்திரைகள் சிலவும் மயக்கம் தரக்கூடும். மருத்துவரிடம் கேட்காமல் மீண்டும் வண்டி ஓட்ட அனுமதிக்க வேண்டா. தலையில் அடிபட்ட பின் தொடர் வாந்தி, கூடிவரும் தலைவலி, மிகுந்த உறக்கம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

விபத்தைக் கண்டால் முதலில் 108ஐ அழையுங்கள். மூச்சுத் தடைபட்டாலன்றிக் காயமுற்றவரின் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். குருதி கசியும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், இணைக்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. 2025 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டம், விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய் அளவிற்குப் பணமில்லாச் சிகிச்சைக்கு வகை செய்கிறது. உதவிக்கு வந்தவரைப் பெயரோ முகவரியோ தெரிவிக்குமாறு காவல்துறையினரும் மருத்துவமனையும் கட்டாயப்படுத்த இயலாது.